பிள்ளையார் எறும்பும் ஒழுகும் வண்டியும்

வியாழன், காலை பதினொன்று இருபது. சுங்கைப்பட்டாணியில் எட்டு மணிக்குப் புறப்பட்ட பேருந்து எங்களை ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் இறக்கிவிட்டது. டிக்கெட் ஆளுக்கு இருபத்தெட்டு வெள்ளி. அங்கிருந்து புந்தோங்குக்கு வாடகைக் கார், பதினெட்டு வெள்ளி. ஒரே சாலை விளக்கை இரண்டு தடவை கடந்ததுபோல எனக்குப் பட்டது. "சுத்துறான்," என்று என் வீட்டுக்காரர் மணியத்தின் காதில் சொன்னேன். "கட்டணம் போன்லயே முடிவாயிருச்சு பரமு. சுத்துனா அவனுக்குத்தான் பெட்ரோல் நட்டம்," என்றார். அப்படியும் நான் இறங்கும்வரை பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு வருடம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்ப்பதுதான் என் வேலை. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு கசிந்தாலும் அந்தக் கையுறை கழிவுக்கூடைக்குப் போகும். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள்; அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க ஆளில்லை.

நாங்கள் ஈப்போவுக்கு வந்தது ஒரு கேம்பர் வண்டியை எடுக்க. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வேன். அதைக் கட்டியவன் என் தம்பி குணா. அவனோடு நான் ஆறு வருடமாகப் பேசவில்லை. எங்கள் அம்மா கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் அவனோடுதான் இருந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போய்ச் சேர்ந்தார். எனக்குச் சேதி வந்தது ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல். தோட்டத்தில் லைன் கிடைக்கவில்லை என்றான். லைன் கிடைக்காத ஊர் இன்னும் இருக்கிறதா என்று துக்கவீட்டில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். வேண்டுமென்றே மறைத்தாய், கடைசி நேரத்தில் அம்மா உனக்கு மட்டும்தான் வேண்டும் என்று நினைத்தாய் என்றும் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு நானும் பேசவில்லை.

இப்போது நடுவில் நின்று பேசியது என் வீட்டுக்காரர். ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் திருப்பிக் கொடுப்பது என்று மச்சான்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். நான் எனக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தேன். இந்த வண்டியில் ஒரு ஏமாற்று இருந்தாலும் சரி, இனி குணாவின் முகத்தில் முழிப்பதில்லை.

பட்டறை புந்தோங்கில் ஒரு கோயிலுக்குப் பின்சந்தில். தகரக் கூரை, இரண்டு பழைய வேன்கள், சுவரோரம் மோட்டார்சைக்கிள்கள். குணாவுக்குத் தலை நரைத்துவிட்டது. "வா," என்றான். அவ்வளவுதான். வண்டியைச் சுற்றிக் காட்டினான். நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கைகழுவும் தொட்டி, ஒற்றை அடுப்பு, மின்விசிறி. கூரையை வெட்டி உயர்த்தி, ஃபைபரில் மேல்மூடி போட்டிருந்தான். நான் நிமிர்ந்து நிற்கலாம். நான் விரலால் ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் பொள்ளல் சத்தம் வரவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது சொன்னான். "அக்கா, ஒன்னு மட்டும் கேட்டுக்க. கூரையிலயும், சுவத்துல மேல ஒரு அடிக்குள்ளயும் எங்கயும் ஓட்டை போடாதே லா. ஏதாச்சும் மாட்டணும்னா என்கிட்ட சொல்லு, பசை போட்டு ஒட்டித் தாரேன்."

"ஏன், அங்க என்ன இருக்கு?"

"மேல்மூடியும் பாடியும் சேர்ற இடம் அங்கதான் வருது."

இதைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் தரையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று என் மனம் கேட்டது. தொழிற்சாலையிலும் அப்படித்தான். "இந்தப் பெட்டியைத் திறக்க வேணாம்கா, நான் பாத்துட்டேன்," என்று எவளாவது சொன்னால் அந்தப் பெட்டியைத்தான் நான் முதலில் திறப்பேன்.

வெள்ளி, காலை ஆறே முக்கால், சிம்பாங் பூலாய். புந்தோங்கிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் திரும்பும் சந்தி இது; நாங்களும் மறுநாள் மலை ஏறுவதாக இருந்தோம். நாலா பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள். சிலவற்றைப் பாதி வெட்டித் தின்றிருக்கிறார்கள், லாரிகள் வெள்ளைத் தூசியோடு இறங்குகின்றன. ஒரு மாமாக் உணவகத்தின், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் பின்புறம், மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்ள அதன் முதலாளி பாய் இடம் கொடுத்திருந்தார். ரொட்டி சானாய் ஒரு வெள்ளி எண்பது காசு, ஆற்றிய டீயான தே தாரேக் இரண்டு வெள்ளி இருபது காசு. நிறுத்துவதற்குக் காசு வேண்டாம் என்றார். காசு வேண்டாம் என்று சொல்கிறவரை எப்படி நம்புவது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் இன்னொரு ரொட்டி சொன்னார்.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சாமி இல்லாத வண்டியில் நான் எப்படி இருப்பேன்? முந்தைய நாளே புந்தோங்கில் பன்னிரண்டு வெள்ளிக்குச் சுவரில் மாட்டும் ஒரு மரத்தட்டு வாங்கியிருந்தேன். சாமித்தட்டு எந்த இடத்தில் என்பதில் பெரிய யோசனை. கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும். வண்டி திரும்பினால் கிழக்கும் திரும்பிவிடும், அதை விட்டுவிட்டேன். ஆனால் படுத்தால் கால் நீட்டும் பக்கம் கூடாது, நின்றால் நம் தலைக்குக் கீழே சாமி இருக்கக் கூடாது. இவை இரண்டையும் விட முடியாது. ஆக, தலைமாட்டுச் சுவர், உயரே. குணா வேண்டாம் என்ற அதே ஒரு அடிக்குள்.

வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய டிரில்லை எடுத்து இரண்டு ஓட்டை போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். சாமித்தட்டு ஒரு காரணம்; அங்கே துருவையோ உளுத்த மரத்தையோ ஒளித்து வைத்திருக்கிறானா என்று பார்ப்பது இன்னொரு காரணம். மஞ்சள் நிறத்தில் புது மரத்தூள்தான் கொட்டியது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு விரல் நீள ஸ்க்ரூ இரண்டை முறுக்கித் தட்டைப் பொருத்தினேன். பிள்ளையார் படம், கிண்ணத்தில் அவலும் வெல்லமும் கற்கண்டும், சூடம் காட்டினேன். உள்ளே வந்த வீட்டுக்காரர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "குணா சொன்னான்ல," என்றார். "கூரையவா தொட்டேன்? சுவரு," என்றேன். அவர் விபூதி பூசிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று முழுக்க ஈப்போவைச் சுற்றினோம். சாயங்காலம் நான்கு மணிக்கு வண்டியை மரத்தடியில் விட்டு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்தது. ஈப்போ மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. குன்று தெரிந்துகொண்டிருக்கும், திடீரென்று தெரியாது. ஒரு மணி நேரம் கொட்டியது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், தலையணையும் மெத்தையின் தலைமாடும் ஊறிக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். விரல் பிசுபிசுத்தது.

"பாத்தீங்களா? மட்டமான பசை. மழை பட்டதும் கரையுது," என்றேன்.

"ஜன்னலை மூடுனியா?"

"நான் மூடாம வருவேனா?"

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். சுவர் முழுக்கவே ஈரமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். புந்தோங்கிலிருந்து வருகிறது.

சனி, காலை ஏழு. கண் விழித்தபோது தலைமாட்டுச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு. எறும்பு. கடிக்காத சின்னக் கறுப்பு எறும்பு. எங்கள் வீட்டில் பிள்ளையார் எறும்பு என்போம், கொல்ல மாட்டோம். கோடு தரையிலிருந்து கிளம்பி, மெத்தையைத் தாண்டி, நேராகச் சாமித்தட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. எனக்குப் புல்லரித்தது. பிள்ளையாரைத் தேடி அவருடைய எறும்பே வந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒன்பது மணிக்கு அது பல்துலக்கும் தூரிகையில் இருந்தது. பத்து மணிக்கு அரிசி டப்பாவில், என் கண்ணாடிக் கூட்டில், வீட்டுக்காரரின் கால்சட்டைக்குள். மஞ்சள்பொடியால் கோடு போட்டேன். அவை சுற்றிக்கொண்டு போயின. கொல்லாமல் துடைப்பத்தால் கூட்டி வெளியே விட்டேன். படிக்கட்டு வழியாகத் திரும்பி ஏறின. பாய் வந்து எட்டிப் பார்த்தார்.

"செமுட்டா அக்கா? எறும்பு வந்தா இனிப்பு எங்கயாச்சும் சிந்திருக்கும். பாத்துக்குங்க," என்றார்.

"இனிப்பெல்லாம் மூடித்தான் இருக்கு பாய். பழைய பலகை போட்டிருக்கான். உள்ளயே கூடு இருந்திருக்கும்."

"பலகை புதுசு மாதிரி தெரியுதே."

இவரும் குணாவுக்குத் தெரிந்தவரோ என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. கேட்கவும் கேட்டேன். அவர் குணாவைப் பார்த்ததே இல்லையாம்.

ஒழுகும் வண்டியோடு மழையில் மலை ஏற முடியாது என்றார் வீட்டுக்காரர். மெத்தை காய வேண்டும், வண்டி நிற்க ஒரு கூரை வேண்டும். அவர்தான் சொன்னார், தோட்டத்தில் பழைய பெரட்டுக் கொட்டகை இன்னும் இருக்கிறது என்று. அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆளெடுத்து வேலை பிரித்துக் கொடுத்த கொட்டகை அது. அம்மாவின் காரியத்துக்குப் பிறகு நான் அங்கே காலெடுத்து வைக்கவில்லை. இருந்தாலும் சரி என்றேன். காய வைத்து, படம் எடுத்து, ஆதாரத்தோடு குணாவைக் கூப்பிட்டுக் கேட்க அது வசதியான இடம்தான்.

பகல் பன்னிரண்டரை. கோப்பெங் தாண்டிப் பெரிய சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவில் ஓடைமேல் கைப்பிடி இல்லாத சிறு பாலம். ரப்பர்ப் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நான்குதான் மிச்சம், ஒன்றில்தான் ஆள். அஞ்சலை அக்கா, செம்பனைக் குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர். கொட்டகையில் உர மூட்டைகளை ஒதுக்கி வண்டிக்கு இடம் கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, "எறும்ப எறக்கிவிட்டுட்டுப் போயிராதீங்க. எங்க எறும்பே போதும்," என்றார்.

சாயங்காலம் மூன்று மணிக்குள் பதினேழு படம் எடுத்துவிட்டேன். ஈரச் சுவர், பிசுபிசுப்பு, எறும்புக் கோடு. குணாவைக் கூப்பிட்டேன். போன் ஒன்றும் சொல்லவில்லை. திரையின் மேலே பார்த்தேன், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"இங்க லைன் வராது தாயி. அந்தா, மேட்டு மேல ஏறணும். ஒத்தத் தென்னை தெரியுதுல்ல, அதுக்கு அடியில," என்றார் அஞ்சலை அக்கா.

மேடு ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி வழியில் மழை பிடித்தது. குடையோடு தென்னைக்கு அடியில் போய் நின்று போனை உயர்த்தினேன். ஒரு கோடு வந்தது, போனது. நான்கு தடவை கூப்பிட்டேன். மூன்று தடவை போகவே இல்லை. நான்காவது தடவை மணி அடித்து, "அக்கா?" என்று ஒரு சத்தம் கேட்டு, அறுந்துவிட்டது. பிறகு அதுவும் இல்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் அங்கே நின்றேன்.

இறங்கி வந்ததும், "பெரிய சாலைக்கு வண்டிய எடுங்க. அங்க போய் அவன நாலு கேள்வி கேட்கணும்," என்றேன்.

அஞ்சலை அக்கா சிரித்தார். "எங்கிட்டுப் போறது? இந்த மழைக்குப் பாலம் முங்கியிருக்கும். காலைல ஏழு மணிக்கு மேலதான் தெரியும். நாங்கல்லாம் மழ பேஞ்சா செத்தாலும் விடிஞ்சுதான் சொல்லியனுப்புவோம்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் கொட்டகையில் நனைந்த சேலையோடு உட்கார்ந்தேன். அம்மாவைப் பார்க்க நான் வந்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாதை முழுக்கச் சேறு. கார் சிக்கி, நாலு பேர் தள்ளினார்கள். பாலத்தின்மேல் செத்தையும் வாழைத்தண்டும் ஒதுங்கிக் கிடந்தன. எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். குணாவின் சட்டை அன்று காலையிலும் ஈரமாக இருந்தது, அதையும் பார்த்தேன். பார்த்து, அழுகிறவன் குளித்துவிட்டு வந்து நிற்கிறான் பார் என்று நினைத்தேன். அதை நினைக்க இப்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்காரர் துண்டை எடுத்து நீட்டினார். அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்படியும் ஒழுகல் ஒழுகல்தானே என்று ஒரு மூலையில் மனம் முனகியது. பழகிய நாய், சொன்னால் கேட்காது.

ஞாயிறு, காலை ஆறரை. தொழிற்சாலை முறைப்படி செய்துவிடலாம் என்று எழுந்தேன். வண்டியை வெளியே எடுத்தோம். ஒழுகலை மேலிருந்து தேடக் கூடாது. தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடிக் குழப்பும். கீழிருந்து மேலே போக வேண்டும். சுவரின் உட்புறம் முழுக்க முகப்பவுடர் பூசினேன். வீட்டுக்காரர் வெளியே அஞ்சலை அக்காவின் ரப்பர்க் குழாயோடு, நான் உள்ளே. சக்கரத்துக்கு மேலே இரண்டு நிமிடம். காய்ந்திருந்தது. ஜன்னல் விளிம்பு இரண்டு நிமிடம். காய்ந்திருந்தது. கதவு, பின்பக்கம், குணா வெட்டி ஒட்டிய ஒவ்வொரு இணைப்பும், இரண்டிரண்டு நிமிடம். பவுடரில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. என் இருபத்து நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்தது குறைவு.

"மேல ஒரு அடிதான் பாக்கி," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஊத்துங்க," என்றேன்.

பத்து எண்ணுவதற்குள் சாமித்தட்டின் ஸ்க்ரூ வழியாக ஒரு சொட்டு வந்தது. பிள்ளையார் படத்தின் கண்ணாடியில் இறங்கி, வெல்லக் கிண்ணத்தில் விழுந்தது. அடுத்த சொட்டு. கிண்ணம் நிறைந்து, பழுப்பாக வழிந்து, தட்டுக்குப் பின்னால் போய், பவுடரில் கோடு போட்டுக்கொண்டு மெத்தைக்கு இறங்கியது. எறும்புகள் அந்தக் கோட்டிலேயே ஏறின. தொட்டு நக்கிப் பார்த்தேன். வெல்லப்பாகு. குணாவின் மட்டமான பசை என்று நான் பதினேழு படம் எடுத்தது இதைத்தான்.

வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூவும் மேல்மூடியின் இணைப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே முனை நீட்டியிருந்தன. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார். மூன்று நாளில் அவர் சொன்ன ஒரே குத்தல் அதுதான், வாங்கிக்கொண்டேன்.

ஏழு பத்துக்குப் பாலம் தெரிந்தது.

பத்து மணிக்குப் புந்தோங். ஞாயிற்றுக்கிழமையும் குணா பட்டறையில்தான் இருந்தான். "நேத்து கூப்பிட்டியா? திருப்பிக் கூப்பிட்டேன், கிடைக்கல," என்றான். நான் சாமித்தட்டை அவன் கையில் கொடுத்தேன். அவன் வண்டிக்குள் ஏறி, இரண்டு ஓட்டையையும் பார்த்து, விரலை வைத்துப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். அவன் ஓட்டைகளைச் சுத்தம் செய்து சிலிக்கன் வைத்து அடைத்தான். தட்டின் பின்பக்கம் பசை தடவி, அதே இடத்தில், அதே உயரத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பசை பிடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாதாம்.

அப்படி அவன் சுவரைப் பார்த்து நின்றபோதுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"தோட்டத்துல லைன் கிடைக்கலடா."

அவன் திரும்பவில்லை. "ஒத்தத் தென்னைக்குப் போனியா?"

"போனேன்."

"மழையா?"

"மழை. பாலமும் முங்கிருச்சு."

அழுத்திய கை அப்படியே இருந்தது. தோள் மட்டும் ஒரு தடவை இறங்கியது. "நான் மூணு தடவ ஏறுனேன்க்கா. அம்மாவத் தனியா விட்டுட்டு," என்றான்.

மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. நான் பக்கத்தில் போய், தட்டின் மறுமுனையை என் கையால் அழுத்திப் பிடித்தேன். பசை காயும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"வண்டிய வெச்சுக்கிறியா, இல்ல திருப்பறியா?" என்று கேட்டான்.

"எறும்போட எப்படித் திருப்பறது," என்றேன்.

பிற்பகல் நான்கு மணி, பாகான் செராய். ஊருக்குத் திரும்பும் வழியில் நெடுஞ்சாலையை விட்டு, வேண்டுமென்றே பழைய சாலையில் வந்தோம். இரண்டு பக்கமும் நெல்வயல், குன்று எதுவும் கண்ணில் படாத தட்டை நிலம்; எங்கள் கெடா மாநிலத்தைப் போலவே இருந்தது. ஈப்போவில் மழை குன்றுக்குப் பின்னாலிருந்து வந்து விழும். இங்கே அரை மணி நேரத்துக்கு முன்பே வயல்மேல் நடந்து வருவது தெரிகிறது. வண்டியை ஓரம் கட்டி, கதவை மூடிக்கொண்டு, குணா வீட்டிலிருந்து தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த சோற்றைப் பிரித்தோம். கூரையில் மழை கொட்டியது. தட்டின்மேல் பிள்ளையார் காய்ந்த முகத்தோடு இருந்தார். அவருக்குக் கீழே ஒரே ஒரு எறும்பு வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சோறு தின்று முடிக்கும்வரை, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு தடவைதான் நான் மேலே பார்த்தேன்.